போகிக்குத் தப்பிய பாய்கள்

செங்கம்மா அக்கா காலமான செய்தியைப் பலமனேரிலிருந்து சித்தூருக்கு வந்த பஸ்ஸின் கண்டக்டர்தான் என்னிடம் சேர்த்தார். "பூக்காரம்மா போய்ட்டாங்கம்மா" என்றார். அவரை அறிந்த உங்களுக்கும் அந்த ஒரு சொல்லே போதுமாயிருந்திருக்கும்.

ஆந்திர மாநிலம் பிறந்து, எல்லை எங்கே விழும் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம். கணவரை இழந்திருந்த அக்கா, பலமனேருக்கு அருகே அப்போது நான் குடியிருந்த வீட்டை அடுத்த கொல்லையில் கனகாம்பரம் நட்டிருந்தார். வேலூருக்குக் குடிபெயர்ந்துவிட்ட அவருடைய அண்ணன் மார்கழிப் பிறப்பன்று வந்து கண்டிப்பாகச் சொன்னார்: "இந்தப் பனிய உன் செடி தாங்காது. சிவராத்திரிக்கு வரேன். கருகிப் போயிருந்தா நிலத்த வித்துட்டு எங்கூடக் கிளம்பிடணும்."

"கருகலேன்னா அப்பறம் கூப்டக் கூடாது, அண்ணா" என்று மட்டும் அக்கா கேட்டுக்கொண்டார்.

மறுநாள் முதல் வீடு வீடாகச் சென்று, போகிக்குக் கொளுத்துவதற்கென ஒதுக்கியிருந்த கிழிந்த பாய்களையும் பழைய வைக்கோலையும் கேட்டார். எரிய வேண்டியதை இல்லத்திற்குக் கொணர்வது எங்கள் பக்கத்தில் ஆகாத செயல்.

"மூதேவிய இட்டுக்கினு போறியே செங்கம்மா" என்று ஒருத்தி சிரித்தாள்.

"உங்க வூட்டு மூதேவி என் செடிக்குப் போர்வை. இன்னொன்னு இருந்தா அதையும் குடு" என்றார் அக்கா.

வைக்கோலை வேரடியில் மெத்தையாகப் பரப்பி, தண்டைச் சுற்றி மட்டும் சிறிது இடம் விட்டார். "கழுத்து வரைக்கும் போத்தினா அழுகிடும்" என்பார். வரிசைகளுக்கிடையே பாய்களை விரித்தார். எல்லையைப் பற்றிப் பேச வந்தவர்களிடம், "அத அவங்க எங்க வேணா போட்டுக்கட்டும். என் வேரு குளிரக் கூடாது" என்றார். அந்தத் தையில் பனி கொட்டியது. பல கொல்லைகள் கருகின.

சிவராத்திரியன்று அண்ணன் வந்தபோது நானும் கொல்லையில் இருந்தேன். அக்காவின் செடிகளும் இலையுதிர்ந்து, வெறுங்குச்சிகளாகவே நின்றன.

"கிளம்பலாமா, செங்கா?" என்றார் அவர்.

அக்கா குனிந்து வைக்கோலை விலக்கினார். அடியில் மண் ஈரமாக இருந்தது. தண்டுகளின் அடியிலெல்லாம் இளந்துளிர்கள். அண்ணன் மண்ணுக்குள் விரல்களை நுழைத்து, நெடுநேரம் எடுக்கவில்லை. பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "நான் மத்தியான பஸ்ஸப் புடிக்கிறேம்மா" என்று எழுந்தார். அதன்பின் அவர் கூப்பிடவேயில்லை.

திருமலையின் சந்நிதியில் நான் கைகூப்பி நின்றதுண்டு. ஒரு கொல்லையில் அவ்வாறு நின்றது அன்று மட்டுமே. அண்ணன் சென்ற பிறகு நானும் அந்த மண்ணில் கை வைத்துப் பார்த்தேன். பனிக்காலம் முழுவதும் அக்கா காத்துவைத்திருந்த இளஞ்சூடு அதில் இருந்தது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அதுவே. என் வலக்கை அதை இன்னும் மறக்கவில்லை.