ஒற்றைச் செருப்பும் பதினொரு ஸ்டேஷனும்

செங்கல்பட்டிலிருந்து வேலைக்குப் போகும் மின்சார ரயிலில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் என் வாய் தானாக முணுமுணுக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் நான் ஏதோ ஜெபம் சொல்வதாக நினைத்துக்கொள்வார்கள். போன வாரம் ஊரப்பாக்கம் தாண்டியதும் அந்த முணுமுணுப்பு இடறியது. வண்டலூருக்கு முன்னால் புதிதாக ஒரு ஸ்டேஷன் எழுந்து நிற்கிறது. ரயிலுக்கு அதனால் ஒன்றுமில்லை. என் பாட்டுக்குத்தான் இடைஞ்சல்.

அந்தப் பாட்டு பிறந்தது மாமல்லபுரம் பக்கம், ஒரு சவுக்குத் தோப்புக்குள் சர்ச் நடத்திய கோடை முகாமில். எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் இருந்தது முருகன்தான். ஆனாலும் கீழ்வீட்டு மேரி ஆன்ட்டி, "அஞ்சு நாளு, கடல் பக்கத்துல, பிள்ளைங்களோட பிள்ளையா இருப்பா" என்று கேட்டதும் அம்மா சரி என்றுவிட்டாள். கடல் என்ற சொல்லிலேயே நான் பாதி கிளம்பிவிட்டேன். அப்பாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். ஒன்பது வயது வரை நான் கடலைப் பார்த்ததெல்லாம் அவர் கைப்பிடிக்குள் நின்று, நாற்பதடி தள்ளி.

பட்டியல் போடும் புத்தி எனக்கு அப்போதே உண்டு. பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டியிருந்தேன். பாவாடை நான்கு, துண்டு இரண்டு, சோப்பு டப்பா, சீப்பு. தினமும் காலையில் எண்ணி டிக் அடிப்பேன். காரணம் இருந்தது. எதையாவது தொலைத்தால், முகாமை நடத்திய டேவிட் அங்கிள் மதியச் சாப்பாட்டின்போது அதைத் தன் தொலைந்த பொருள் மேசையிலிருந்து தூக்கிக் காட்டுவார். உரியவர் எல்லார் முன்னாலும் கைகால் அசைத்து ஒரு பாட்டுப் பாடினால்தான் பொருள் திரும்பக் கிடைக்கும். மற்றவர்களுக்கு ஞாயிறு வகுப்புப் பாட்டுகள் டஜன் கணக்கில் தெரியும். எனக்கு ஒன்றுகூட முழுதாகத் தெரியாது.

நான்காம் நாள். அன்று மாலைதான் கடல். நெருஞ்சி முள்ளும் சுடுமணலும் இருப்பதால் செருப்பில்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். மதியம் சாம்பார் வாளிகளுக்கு நடுவே அங்கிள் ஒரு நீலச் செருப்பை உயர்த்தினார். இடது கால். காலையில் வாசலில் கழற்றி விட்டதை முகாம் நாய் கவ்விப்போய்த் தோப்பில் போட்டிருக்கிறது. என்னுடையதேதான். எப்போதும் காலிலேயே கிடந்ததால் அது பட்டியலில் ஏறவே இல்லை.

பக்கத்தில் புதுப்பட்டினத்து பிரிசில்லா. அவள் அப்பாவுக்குச் சொந்தமாகப் படகு உண்டு.

"இன்னாடி, உன்துதான? போய்ப் பாடு."

"எனக்குப் பாட்டே தெரியாதுடி."

"அப்ப ரூம்லயே குந்திகினு இரு. அலை எப்டி கீதுன்னு நான் வந்து சொல்றேன்."

எழுந்து போனேன். வலது காலில் மட்டும் செருப்பு. "தெரிஞ்சதைப் பாடும்மா, கையும் காலும் ஆடணும், அவ்வளவுதான்" என்றார் அங்கிள். எனக்குத் தெரிந்தது அப்பாவோடு ரயிலில் போய் மனப்பாடமான ஸ்டேஷன் பெயர்கள்தான். நான்கு நாளாகக் காலையில் காதில் விழுந்த மெட்டில் அவற்றை ஏற்றினேன். செங்கல்பட்டு, பரனூர் என்று முழங்கைகளைச் சக்கரமாகச் சுழற்றினேன். சிங்கப்பெருமாள் கோயில் மெட்டுக்குள் அடங்காமல் பாதியை விழுங்கினேன். பொத்தேரியில் யாரோ கைதட்டினார்கள். ஊரப்பாக்கத்துக்குப் பிறகு மெட்டில் ஒரு காலி இடம். நான் மூச்சு வாங்கிய அந்த நொடியில் பிரிசில்லா பெஞ்சின் மேல் ஏறி நின்று "கூ...!" என்றாள்.

அவ்வளவுதான். என் பாவாடையை ஒருத்தி பிடிக்க, அவள் பின்னால் இன்னொருத்தி, கடைசிப் பெட்டியாகச் சமையல் அக்கா கரண்டியோடு. சாப்பாட்டுக் கூடத்தையே சுற்றினோம். தாம்பரத்தில் அங்கிள் கையைக் குறுக்கே நீட்டினார்.

"தாம்பரம் வந்தாச்சு, எறங்குங்க."

"பீச் ஸ்டேஷன் வரைக்கும் போவணும் அங்கிள்!" என்று பின்பெட்டியிலிருந்து ஒரு குரல்.

"அதுக்கு நாலு மணி வண்டி" என்றபடி செருப்பைக் கையில் கொடுத்தார். நாய்ப்பல் பதிந்த ஈரச் செருப்பு.

நாலு மணிக்குக் கரையில் செருப்புகளை வரிசையாக விட்டுவிட்டு இறங்கினோம். முதல் அலை முழங்காலில் மோதியதும் கத்திவிட்டேன். பிரிசில்லா என் மணிக்கட்டை விடவே இல்லை. "இன்னா, கடிச்சிச்சா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள்.

அந்தத் தோப்பு இப்போது இல்லை. உயரமான மதிலும் நீச்சல் குளமும் உள்ள விடுதி ஒன்று நிற்கிறது, கடலுக்குப் பக்கத்திலேயே நீச்சல் குளம்! அங்கிளின் தொலைந்த பொருள் மேசை எங்கே போனதோ. பிரிசில்லா பத்தாவதுக்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாள் என்று கேட்டுப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை.

நேற்று ரயிலில் புது ஸ்டேஷனையும் சேர்த்துப் பாடிப் பார்த்தேன். மெட்டு இடிக்கவே இல்லை, கச்சிதமாகப் பொருந்துகிறது. ஊரப்பாக்கத்துக்கும் வண்டலூருக்கும் நடுவே, அவள் கூவிய இடத்தில்.