எறும்பு ஆராய்ச்சி நிலைய அடிக்கல் நாட்டு விழா

எங்கள் வீட்டில் கணக்குப் போட்டுப் பார்க்கத் தாளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அப்பாவுக்கு வந்து குவிந்த அழைப்பிதழ்களின் பின்பக்கமெல்லாம் வெள்ளையாகத்தான் இருக்கும். வழவழவென்று கெட்டித் தாள். மற்ற பிள்ளைகள் சிலேட்டை எச்சில் தொட்டு அழித்துக்கொண்டிருந்தபோது நான் அடிக்கல் நாட்டு விழாக்களின் முதுகில் பெருக்கல் கணக்குப் போட்டேன். போட்டதெல்லாம் தப்பு என்பது வேறு விஷயம்.

அப்பா பெரிய கல்வியாளர். எத்தனையோ கல்லூரிகள், இரண்டு பல்கலைக்கழகங்கள், பருத்திக்கு ஒன்று, மானாவாரிப் பயிருக்கு ஒன்று என்று ஆராய்ச்சி நிலையங்கள், எல்லாம் அவர் தொடங்கியவை. சங்கரன்கோவிலில் பிறந்து தெருவிளக்கில் படித்து முன்னுக்கு வந்தவர் என்று மேடைகளில் பேசுவார்கள். “அத்தான் படிச்ச காலத்துல நம்ம தெருவுல வெளக்குக் கம்பமே கெடையாது” என்பார் மாமா. அவர் அம்மாவின் தம்பி. தாலுகா ஆபீசில் குமாஸ்தா. கல்யாணமாகாததால் எங்களோடு இருந்தார்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னை எழுப்பி நிறுத்தி, “நாட்டுக்கே படிப்புக் குடுத்தவுக மக, பதிமூணாம் வாய்ப்பாடு தெரியாம முழிக்கா பாரு” என்பார். அந்த நாட்டில் எங்கள் வீடும் சேர்த்தியா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது.

அப்பா மெட்ராசில் இருந்தார். மெட்ராசில் இருந்தார் என்பதுகூட ஒரு பேச்சுக்குத்தான். புதுக் கட்டடம் எழும்பும் ஊரிலெல்லாம் இருந்தார். அவரோடு அலைந்தால் பிள்ளையின் படிப்பு கெட்டுவிடும் என்று எங்களை ஊரில் விட்டிருந்தார். நான் நான்காம் வகுப்பு படித்தபோது சிவகிரியில் ஏதோ ஒரு பள்ளிக் கட்டடத்தைத் திறந்துவைக்க வந்தவர், போகிற வழியில் வீட்டுக்கும் வந்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் மேசைமேல் பாதி குடித்த காப்பி டம்ளர் மட்டும் இருந்தது. அம்மா அதைச் சாயங்காலம்வரை கழுவவில்லை. ஈ மொய்த்தது. நானும் அதைத் தொடவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு ஞானோதயம் உண்டாயிற்று. அப்பா அழைத்த இடத்துக்கெல்லாம் போகிறவர். சிவகிரிக்காரர்கள் முறையாக அழைத்தார்கள், போனார். நாங்கள் அவரை ஒரு தடவையாவது அழைத்திருக்கிறோமா? குற்றம் எங்கள் பக்கம் என்று எனக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது.

எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவான ஆடித்தவசு நெருங்கிக்கொண்டிருந்தது. தவசு என்றால் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் விருந்தாளிகள் நிறைந்திருப்பார்கள். வெளியூரில் வேலை பார்க்கிற அப்பாக்கள் துணிப்பையும் பலகாரமுமாக பஸ்ஸிலிருந்து இறங்குவார்கள். எங்கள் வீட்டில் அம்மா, மாமா, நான். மூன்று பேரும் போய்க் கூட்டத்தில் நின்று சாமி பார்த்துவிட்டு மூன்று பேராகவே திரும்புவோம். அந்த வருஷம் அப்படி விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

அடிக்கல் நாட்ட ஒரு நிறுவனம் வேண்டும். எங்கள் புறவாசலில் ஆராயத் தகுந்ததாக எறும்பு மட்டுமே இருந்தது. கிணற்றடியிலிருந்து முருங்கை மரம்வரை சாரைசாரையாகப் போகும். மாமா ஆபீசிலிருந்து கொண்டுவந்த முழுத்தாளில், அழைப்பிதழ்களைப் பார்த்துப் பழகிய கையால் எழுதினேன். ‘அன்புடையீர், ஆடித்தவசுத் திருநாளன்று காலை ஒன்பது மணிக்கு எமது எறும்பு ஆராய்ச்சி நிலையத்துக்குத் தாங்கள் அடிக்கல் நாட்டிப் பேருரை ஆற்ற வேண்டுகிறோம். இங்ஙனம், செயலாளர்.’ கீழே எங்கள் தெரு, எங்கள் கதவு எண். பெயரை எழுதவில்லை. பெயரைப் போட்டால் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைத்துவிடுவார்கள் அல்லவா.

அப்பாவின் மெட்ராஸ் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்ப மாமாதான் தபால்தலை ஒட்டினார். “ஏட்டி, அம்மன் ஒத்தக்கால்ல தவசிருந்தா சாமி எறங்கி வந்துருதாரு. எங்கக்கா ரெண்டு காலும் கடுக்க நிக்கா, ஒங்கப்பா வந்தபாடக் காணோம். காயிதத்துக்கா வரப்போறாவ?”

“வருவாவ. பந்தயம்” என்றேன்.

“வரவேண்டாம். அவுக கையால ஒரு வரி பதிலு வந்தாப் போதும், நீ செயிச்ச மாதிரிதான்.”

அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று மாமாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். மாமா வாயில் எது தங்கும்? அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் புறவாசலைப் பெருக்கி, கிணற்றடியைத் தேய்த்துக் கழுவி, பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் வேட்டியை எடுத்து வெயிலில் போட்டாள். சாய்வு நாற்காலிக்குப் புதுத் துணி தைத்தாள். தவசுக்கு வழக்கமாகச் செய்கிற வேலைகள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

தவசுக்கு முந்தைய நாள் மத்தியானம் தபால்காரர் வந்தார். “இது என்னம்மா, ஒங்க வீட்டுல எறும்பு ஆராய்ச்சி நிலையமா?” என்று சிரித்துக்கொண்டே நீட்டினார். நீளமான உறை, மேலே அச்சடித்த முத்திரை. ‘செயலாளர், எறும்பு ஆராய்ச்சி நிலையம்’ என்று போட்டு, கீழே எங்கள் கதவு எண், தெரு, சங்கரன்கோவில் என்று டைப் அடித்திருந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுப்படியில் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்த அம்மாவின் முன்னால் நின்று, மேடையில் வாசிக்கிற மாதிரி உரக்க வாசித்தேன்.

‘தங்கள் அழைப்பிதழ் கிடைக்கப்பெற்றேன். முன்னரே ஒப்புக்கொண்ட பணிகளால் விழாவில் கலந்துகொள்ள இயலாமைக்கு வருந்துகிறேன். தங்கள் நிறுவனம் மென்மேலும் வளர்ந்து நாட்டுக்குத் தொண்டாற்ற என் நல்வாழ்த்துகள்.’ அடியில் அப்பாவின் கையெழுத்து.

வரமாட்டார் என்பதில் எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்பாவிடமிருந்து எனக்கென்று வந்த முதல் கடிதம் அது. அதுவும் ‘தங்கள்’ என்று மரியாதையாக. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

அம்மா ஆட்டுவதை நிறுத்தியிருந்தாள். மாமா விறுவிறுவென்று வந்து கடிதத்தை வாங்கிப் பார்த்தார். “இது ரப்பர் ஸ்டாம்பு, அக்கா. ஆபீசுல எவனோ வழக்கம்போல அடிச்சு, அத்தான் கையெழுத்தக் குத்தி அனுப்பிட்டான். நம்ம வீட்டு வெலாசம் போட்டிருக்கு, பிள்ள கையெழுத்துல வேற போயிருக்கு. அவுக கண்ணுல பட்டிருந்தா தெரியாமலா போவும்? அவுக இதப் பாக்கவே இல்ல.”

பந்தயத்தில் தோற்கிறவர் பேசுகிற பேச்சு என்று எனக்குக் கோபம் வந்தது. “இல்ல, அப்பாவே போட்டது” என்று கத்தினேன்.

அம்மா மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். கையெழுத்தைப் பார்க்கவில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் அந்த இடத்தைப் பெருவிரலால் மெல்லத் தடவினாள். ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. பிறகு, “ஸ்டாம்பு இல்லடா. அவுக பேனாவ அழுத்தித்தான் எழுதுவாவ. தடம் இருக்கு” என்றாள்.

“பாத்தீங்களா மாமா!” என்று குதித்தேன். எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகப் பேசுகிற மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா கடிதத்தை மடித்து என்னிடம் தந்து, “நாளைக்கி விழாவுல வாசிக்கணும்லா, பத்திரமா வை” என்றாள். பிறகு உளுந்தை ஆட்டத் தொடங்கினாள். வெகுநேரம் ஆட்டினாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு விழா நடந்தது. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு அம்மாதான் அடிக்கல் நாட்டினாள். முருங்கை மரத்தடியில் உடைந்த அம்மிக்கல் ஒன்று. நான் வாழ்த்துச் செய்தியை வாசித்தேன், மாமா கை தட்டினார். புதுத் துணி போட்ட நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. சாயங்காலம் தவசுக் கூட்டத்தில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் கடிதத்தை விரித்து, “எங்கப்பா கையெழுத்து, ஸ்டாம்பு இல்ல, தடவிப் பாருங்க” என்று காட்டினேன். அம்மா என்னைத் தடுக்கவில்லை.

அது ரப்பர் ஸ்டாம்பாக இருந்துவிடக் கூடாதா என்று அம்மாவின் விரல் அந்தத் தாளின் முதுகில் எவ்வளவு தவித்திருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. மாமாவைத் தோற்கடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.