வியாழக்கிழமை வாங்கிய பாட்டு

தெல்மா ஹாவொர்த் உட்கார்ந்து பார்த்தவர்கள் வட இங்கிலாந்தின் பேக்கப் ஊரில் மிகக் குறைவு. தேவாலயத்தில்கூடக் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் ஜெபம் செய்வாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும், அதற்குள் ஏதாவது நடந்துவிடும் என்பது அவள் கட்சி. எங்கள் ஊரில் அப்படி அவசரமாக ஒன்றும் நடந்துவிடாது. மழை பெய்யும், நிற்கும், மறுபடி பெய்யும்.

இளவயதில் செருப்பு ஆலையில் வேலை பார்த்தாள். ஆலை மூடிய பிறகு பள்ளிக்கூட வாசலில் மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டு, கம்பு நீட்டி கார்களை நிறுத்திப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கும் வேலை கிடைத்தது. நாள் முழுக்க நிற்கிற வேலை என்பதால் அதில் அவளுக்கு ஏகப்பட்ட திருப்தி. மற்ற நேரமெல்லாம் போராட்டம்தான். நீச்சல் குளத்தை மூடப்போகிறார்கள் என்றால் அட்டையும் ஒலிபெருக்கியுமாக நிற்பாள். குளம் மூடித்தான் போனது, அது வேறு விஷயம். ஒருத்தன் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, நிறுத்தப்பட்ட பேருந்துக்காக மறியலுக்குப் போனாள். பேருந்து திரும்பி வருவதற்குள் அவனுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது.

அவள் அண்ணன் நெவில் நேர் எதிர். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அதே ஆலையில் தோல் வெட்டுகிறவன், சனி ஞாயிறுகளில் தொழிலாளர் கிளப்பில் பாடுகிறவன். அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து வானொலியில் அந்தந்த வாரம் அதிகம் விற்ற நாற்பது பாட்டுகளின் வரிசையைக் கேட்பது ஒன்றுதான் அவனுடைய தவம். நாற்பதாம் இடத்திலிருந்து முதல் இடம்வரை ஒன்றுவிடாமல் கேட்பான். அப்போது அது ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிற்பாடு வெள்ளி மாலைக்கு மாற்றினார்கள். நெவிலும் தன் நாற்காலியோடு வெள்ளிக்கு மாறிக்கொண்டான்.

இருபத்துச் சொச்சம் வயதில் அவனே ஒரு பாட்டுக் கட்டினான். பெயர் 'இடதுகால் செருப்பு'. எங்கள் ஆலைக்காரர்கள் கொடுத்ததெல்லாம் இடதுகால் செருப்பு என்று தெரியாமல், கிறிஸ்துமஸ் தாத்தா வீடு வீடாகப் போட்டுவிட்டுப் போகிறார். மறுநாள் உலகமே ஒற்றைக்காலில் நொண்டி ஆடுகிறது. கிளப்பே செலவு செய்து இசைத்தட்டுப் போட்டது. கிளப்பிலேயே விற்றது, கிளப்பைத் தாண்டவில்லை. அந்த வருடம் ஒவ்வொரு வாரமும் நெவில் தன் பெயர் வருமா என்று வானொலிக்கு முன்னால் காத்திருந்தான். வரவில்லை. அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. ஒன்றிரண்டு வார்த்தை வரும், அதுவும் வேறெதையோ சொல்லப்போய் வேறெதுவோ வரும். தொட்டதற்கெல்லாம் கண்ணீர் வடியும், அது நோயின் குணம், மனசுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார் டாக்டர். இன்னொரு தாக்குதல் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றும் சொன்னார்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் எந்தப் பாட்டு முதலிடம் என்பது எங்கள் நாட்டில் தேர்தல் மாதிரி. தொலைக்காட்சிப் போட்டியில் ஜெயித்தவனுக்கு ஒரு கூட்டம், அவன் ஜெயிக்கவே கூடாது என்று ஒரு கூட்டம், தர்ம காரியத்துக்காகப் பாடும் தீயணைப்புக்காரர்கள், தமாஷுக்குப் பாடும் கோமாளிகள் என்று ஆளாளுக்குக் கொடி பிடிப்பார்கள். வருடம் முழுக்கப் பாட்டுப் பட்டியலைச் சீண்டாதவன்கூட அந்த ஒரு வெள்ளிக்கிழமை காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவான். தெல்மா இதில் இறங்காமல் எப்படி இருப்பாள்? நெவிலின் பழைய பாட்டை அந்தப் பட்டியலில் ஏற்றியே தீருவது என்று கிளம்பினாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த வெள்ளிக்கிழமை வானொலியில் 'நெவில் ஹாவொர்த்' என்று சொல்லும்போது அவள் பக்கத்தில் இருக்க வேண்டும், அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று ஊருக்கே கட்டளை போட்டாள். பாட்டை வாங்கச் சொல்லி அச்சடித்த துண்டுச் சீட்டுகளைப் பக்கத்து வீட்டுக் கரிக்கொட்டகையில் ஒளித்து வைத்தாள்.

கிளப் கூட்டத்தில் அவள் இதைச் சொன்னதும் செயலாளர் ராய்ஸ்டன் பில்லிங் முதலில் சிரித்தான்.

"ஏன் தெல்மா, போன வருஷம் பஸ்ஸு, அதுக்கு முந்தி மார்க்கெட்டுக் கக்கூஸு. இப்ப லண்டனையே புடிக்கப் போறியா?"

"கக்கூஸு தொறந்துச்சா இல்லையா? தெனம் அங்கதான போற, நீ பேசாத."

கூட்டத்தில் ஒரே சிரிப்பு. ராய்ஸ்டன் வாயை மூடிக்கொண்டு, கிளப்பும் சேரும் என்று கையெழுத்துப் போட்டான்.

பள்ளத்தாக்கு ரேடியோ என்ற உள்ளூர் வானொலியில் வேலை பார்க்கும் டேமியன் என்ற இளைஞன் பழைய இசைத்தட்டைச் சுத்தம் செய்து, ஃபோனிலேயே வாங்கும்படி இணையத்தில் ஏற்றிக் கொடுத்தான். கணக்கையும் விளக்கினான்.

"தெல்மா, கவனமா கேளுங்க. கிறிஸ்துமஸ் வாரம் வெள்ளிக்கெழம ஆரம்பிச்சு அடுத்த வியாழனோட முடியும். அந்த வாரத்துல வாங்குறதுதான் கணக்கு. மறுநாள் வெள்ளி பட்டியல் வாசிப்பாங்க. ஒரு ஆளு எத்தன தடவ வாங்கினாலும் ஒண்ணாத்தான் எடுத்துக்குவாங்க."

"வெள்ளி. சரி. புரிஞ்சுது." கோட்டின் ஒரு கையை ஏற்கெனவே மாட்டியிருந்தாள்.

வடக்கில் இருக்கும் தொழிலாளர் கிளப்புகளுக்கெல்லாம் ஃபோன் போட்டாள். பேக்கப்பிலிருந்து பார்ன்ஸ்லி வரை, நிலக்கரிக்காரர்கள் கிளப், நெசவாளர்கள் கிளப், ரயில்காரர்கள் கிளப் என்று ஒன்றையும் விடவில்லை. செருப்புத் தாத்தா பாட்டு என்றதும் எல்லோருக்கும் பிடித்துப்போனது. சிக்கல் ஒன்றே ஒன்றுதான் வந்தது. வெள்ளிக்கிழமை யாரும் கிளப்புக்கு வர மாட்டார்கள். வெள்ளி என்றால் பொரித்த மீனும் உருளைக்கிழங்குச் சிப்ஸும், வீட்டில்தான். கிளப் நிரம்பி வழிவது வியாழக்கிழமை. அன்றுதான் இறைச்சிக் குலுக்கல். சீட்டு விழுந்தவன் ஒரு தட்டு மாட்டிறைச்சியும் பன்றித் தொடையுமாக வீட்டுக்குப் போவான். அதற்காகச் சாகக் கிடப்பவனும் எழுந்து வருவான். எல்லா ஊரிலும் இதே வழக்கம்.

"அப்ப வியாழன் சாயங்காலமே ஃபோன்ல வாங்குற பட்டன அமுக்கிடலாம்," என்றாள் தெல்மா. "அடுத்த வியாழன் வரைக்கும் யாரு காத்துக்கெடக்குறது? முந்தின நாளே வாங்கி வச்சா, வெள்ளி கணக்குத் தொறக்கும்போது நாமதான முதல் ஆளு."

ராய்ஸ்டன் தலையாட்டினான். எல்லோரும் தலையாட்டினார்கள். குற்றம் சொல்லி என்ன செய்வது? கடை திறப்பதற்கு முன்னாலேயே போய் வரிசையில் நிற்பதைப் பெருமையாக நினைக்கிற ஜனங்கள் நாங்கள். பந்திக்கு முந்து என்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. டேமியனை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வியாழன் மாலை கிளப்பில் நிற்க இடமில்லை. ராய்ஸ்டன் மேடை ஏறினான். "எல்லாரும் அமுக்குற வரைக்கும் ஒரு சீட்டும் எடுக்க மாட்டேன். கறி எனக்கும் பிடிக்கும், ஞாபகம் இருக்கட்டும்," என்றான். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி, ஃபோனைத் தூரத் தள்ளிப் பிடித்து, ஒருவருக்கொருவர் கடவுச்சொல்லைக் கத்திக் கேட்டு, ஒருவழியாக எல்லோரும் அமுக்கினார்கள். அதே நேரத்தில் வடக்கு முழுக்க, கிளப்புக்குக் கிளப் அமுக்கினார்கள். தெல்மா மேசைக்கு மேசை ஓடினாள். ஊர் கூடி இழுத்த தேர்தான். ஆனால் திருவிழாவுக்கு முந்தின நாளே இழுத்து நிலையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அது அப்போது ஒருவருக்கும் தெரியாது.

மறுநாள் வெள்ளி. பள்ளிக்கூட வாசல் வேலை முடிந்ததும் நேரே பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறினாள். கடை வாசலில் நின்று, கிளப்புக்கு வராத ஜனங்களுக்குத் துண்டுச் சீட்டுக் கொடுத்தாள். இருட்டி வெகுநேரம் கழித்து, கையில் சிப்ஸ் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

கதவைத் திறந்தால் நெவில் நின்றுகொண்டிருந்தான். நாற்காலியை விட்டுத் தானாக எழுந்திராதவன், இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்து வாசல்வரை வந்திருந்தான். முகமெல்லாம் ஈரம். அவள் கோட்டின் கையைப் பிடித்து இழுத்தான்.

"தெல்... வா... இது..." சமையலறைப் பக்கம் தலையை ஆட்டினான். அங்கே வானொலியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

"அய்யய்யோ, விழுந்துட்டா யாரு தூக்குறது? பசிதான? தெரியுது, லேட்டாயிடுச்சு. இரு, தட்டு கொண்டாறேன்."

"இல்ல... இல்ல..."

"அழாத நெவில். சூடா இருக்கு பாரு, உனக்குப் புடிச்ச மாதிரி வினிகர் நெறைய ஊத்திக் கேட்டேன்."

அவனை உட்கார வைத்தாள். வானொலியை அணைத்தாள். அதற்குள் ஃபோன் அடித்தது, பார்ன்ஸ்லி கிளப்பிலிருந்து. பேசிக்கொண்டே பின்கட்டுக்குப் போனாள். நெவில் ஒரு சிப்ஸைக்கூடத் தொடவில்லை. மருந்தின் கோளாறு என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை சந்தையில் நின்றிருந்தபோது டேமியன் கூப்பிட்டான்.

"தெல்மா, வாழ்த்துகள்! முப்பத்தாறு! நானே இப்பத்தான் பார்த்தேன். ஆனா ஏன் இப்படி பண்ணீங்க?"

"எது முப்பத்தாறு?"

"நேத்து பட்டியல். நீங்க கேக்கலையா? 'இடதுகால் செருப்பு' முப்பத்தாறாவது எடம். ரேடியோல போட்டாங்களே."

"அடுத்த வெள்ளிதான் போடுவாங்க. கிறிஸ்துமஸ் பட்டியல் அடுத்த வெள்ளிதான?"

டேமியன் மெதுவாகச் சொன்னான். "வியாழன் வரைக்கும் வாங்கினதெல்லாம் போன வாரக் கணக்குல போயிடுச்சு. கிறிஸ்துமஸ் வாரக் கணக்கு நேத்துதான் தொடங்குச்சு. வாங்கினவங்க மறுபடி வாங்கினாலும் எடுத்துக்க மாட்டாங்க. ஒரு நாள் பொறுத்திருக்கலாம், தெல்மா."

ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. வேறென்ன சொல்ல?

அவள் அப்போதும் நிற்கவில்லை. சந்தையில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் மடக்கினாள். உன் மகன் ஃபோனில் வாங்கு, மருமகள் ஃபோனில் வாங்கு என்று கெஞ்சினாள். மீன் கடைக்காரி முகத்தைச் சுளித்தாள். "வாங்கிட்டேனே கண்ணு, ஒரே பாட்ட வீட்டுக்கு எத்தன வாங்குறது? அது நல்ல பாட்டுதான், இருந்தாலும்..." கிளப் வாசலில் ராய்ஸ்டன் பீப்பாய் உருட்டிக்கொண்டிருந்தான்.

"நீதான வியாழன்னு சொன்ன?" என்றான். அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "முப்பத்தாறுன்னா சும்மாவா தெல்மா? நம்ம ஊருல யாரு இதுக்கு முன்னால வந்திருக்கா? நெவில் கேட்டிருப்பானே. வெள்ளிக்கெழம அவன் ரேடியோவ விடமாட்டானே. என்ன சொன்னான்?"

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணனும், ஈரமான முகமும், அணைத்த வானொலியும் அப்போதுதான் தெல்மாவுக்கு விளங்கின. மீதித் துண்டுச் சீட்டுகளை ராய்ஸ்டனின் பீப்பாய்மேல் வைத்துவிட்டு, வீட்டை நோக்கி மலைச்சரிவில் ஓடினாள். அறுபதைத் தாண்டியவள் மழையில் ஓடுவதைப் பார்த்து இரண்டு கார்கள் தாமாகவே நின்றன.

நெவில் நாற்காலியில் இருந்தான். அவள் ஈரக் கோட்டோடு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நேத்து கேட்டியா?"

அவன் தலையசைத்தான்.

"முழுசாவா? பேர் சொன்னாங்களா?"

மறுபடி தலையசைத்தான். தன் நெஞ்சை இடது கையால் இரண்டு முறை தட்டிக் காட்டினான்.

டேமியன் அந்த நிகழ்ச்சியின் பதிவை அனுப்பியிருந்தான். அவள் ஃபோனில் அதைத் தேடி ஓடவிட்டாள். அறிவிப்பாளன் ஏதோ பேசிச் சிரித்தான். "இதோ பாருங்க, எங்கேருந்தோ வந்து குதிச்சிருக்காரு, பேக்கப் ஊரு நெவில் ஹாவொர்த்!" என்றான். பிறகு கிளப்பின் ஆர்கன் வாத்தியம், அதன்மேல் இருபத்துச் சொச்சம் வயது நெவிலின் குரல். தெல்மா கண்ணைக் கொட்டாமல் அண்ணன் முகத்தையே பார்த்தாள்.

அந்த முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. தெரிந்த செய்தியை யாரோ மறுபடி சொன்னால் மரியாதைக்குக் கேட்பார்களே, அப்படிக் கேட்டான். பாட்டு பாதியிலேயே அவள் கையைத் தட்டிக்கொடுத்தான். நடக்க வேண்டியதெல்லாம் நேற்றே, இதே நாற்காலியில், யாருமில்லாத வீட்டில் நடந்து முடிந்திருந்தது. வாழ்நாள் முழுக்கக் காத்திருந்து தன் பெயரைக் கேட்ட மனிதன், அதைச் சொல்ல ஆள் தேடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்திருக்கிறான். அவன் கையில் அவள் சிப்ஸைக் கொடுத்திருக்கிறாள். தெல்மா வாய்விட்டு அழுதாள்.

"எப்படி இருந்துச்சு நெவில்? சொல்லேன். எப்படி இருந்துச்சு?"

அவன் வெகுநேரம் முயன்றான். உதடு கோணியது. நெற்றி வேர்த்தது. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டினான், பிறகு கதவைக் காட்டினான்.

"நீ..." என்றான். "வெளில."

"ஆமா நெவில்," என்றாள் தெல்மா. "நான் வெளிலதான் இருந்தேன்."