வைனோ நிஸ்கனனின் பதினான்காம் சான்று

வைனோ நிஸ்கனனின் வீட்டில் பொருள்கள் தொலைவதுண்டு. அவற்றின் ரசீதுகள் தொலைந்ததே இல்லை. 1961-இல் வாங்கிய டோஸ்டர் குப்பைமேட்டுக்குப் போய் இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் உத்தரவாத அட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் மூன்றாம் அலமாரியில் இருந்தது.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. நகரக் குடிநீர் நிலையத்தில் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் அவர் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், அவருக்குச் சேர வேண்டிய நான்கு நாள் விடுப்பை அலுவலகம் மறுத்தது. விடுப்பை வாயால் அனுமதித்த மேலாளர் அதற்குள் இறந்துபோயிருந்தார். காகிதம் எங்கே என்று கேட்டார்கள். காகிதம் இல்லை. அந்த நான்கு நாள்கள் இன்றுவரை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அன்றைக்குத் தொடங்கியவர், தம்மைக் கடந்து போன காகிதம் எதையும் பிறகு விட்டுவைக்கவில்லை. குளிர்காலம்தோறும் நூலகத்தில் அமர்ந்து மாநிலச் சட்டத் தொகுதியைத் தாமே படித்துத் தேறினார். தெருவில் யாருக்கு எந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தாலும் முதலில் அவர் சமையலறை மேசைக்குத்தான் வரும். அந்தப் பெருமையில் அவர் கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்து நடந்தார் என்பதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

மே மாதக் கடைசியில் ஒரு காலை, இரும்புக் கடைக்கு எதிரே லக்ராய் என்ற இளம் போலீஸ்காரர் அவருடைய பச்சை பிக்கப் வண்டியை நிறுத்தினார். போலீஸ் கார்களுக்குள் கம்ப்யூட்டர் நுழையாத காலம் அது. நம்பர் பிளேட்டின் மூலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் ஆண்டு எதுவோ அதுதான் தீர்ப்பு.

"உங்க பிளேட்ல போன வருஷ ஸ்டிக்கர்தான் இருக்கு. பிப்ரவரியோட பதிவு முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல. ஜனவரி பதினாலாம் தேதியே புதுப்பிச்சாச்சு."

"அப்ப பதிவுச் சீட்டைக் காட்டுங்க."

"வீட்ல இருக்கு."

"வண்டியில இருக்கணுமே."

"வண்டியில வெச்சா ஈரத்துல ஊறிப் போயிரும். அசல் வீட்ல, தீப்பிடிக்காத பெட்டியில இருக்கு."

"நகலாவது வெச்சிருக்கலாமே?"

"நகலும் பத்திரமா இருக்கு. அசலோடயே."

லக்ராய் அபராதச் சீட்டை எழுதினார். குற்றம்: காலாவதியான வாகனப் பதிவு. வைனோ அந்தச் சீட்டை இரண்டு விரலால் வாங்கி, அதன் பின்புறம் நேரத்தையும் தட்பவெப்பத்தையும் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பிளேட்டுக்கு முன் குத்தவைத்து அமர்ந்தார். போலீஸ்காரர் சொன்னது உண்மைதான். பழைய ஸ்டிக்கர், அதன்மேல் பிளேடால் கீறிய குறுக்குக் கோடுகளோடு அப்படியே இருந்தது. திருடன் முழுசாக உரிக்க முடியாதபடி ஸ்டிக்கரைக் கீறிவிடுவது அந்த ஊர் வழக்கம். ஆனால் புதியதை ஒட்டியது அவருக்குத் தெளிவாக நினைவிருந்தது. பிளேட்டைச் சாராயத்தில் நனைத்த துணியால் துடைத்தார். பக்கத்து வீட்டு லெம்பியிடம் முடி உலர்த்தும் கருவியை இரவல் வாங்கி, பிளேட்டைச் சூடாக்கினார். ஒட்டினார். கீறினார். விரல் விறைத்துப்போனதுகூட நினைவிருந்தது. பதிவு அவரவர் பிறந்தநாளோடு முடிகிற மாநிலம் அது. வைனோவோ பிப்ரவரியில் பிறந்தவர். அந்த மாதக் குளிரில் விரல் விறைக்காமல் வேறென்ன செய்யும்?

ஆகவே ஒட்டிய ஸ்டிக்கர் இல்லை. ஆகவே யாரோ உரித்திருக்கிறார்கள். யார்?

இந்த இடத்தில் அவருடைய முறைமை அவரைக் கைப்பிடித்து நேராகப் பள்ளத்துக்கு அழைத்துச் சென்றது. லெம்பியின் கணவர் க்ளாரன்ஸ் மத்திலாவும் பிப்ரவரியில் பிறந்தவர். அவருடைய வண்டியில் மார்ச் முடியும்வரை பழைய ஸ்டிக்கர்தான் இருந்தது. வைனோவே கவனித்துக் குறித்து வைத்திருந்தார். ஏப்ரல் ஒன்பதாம் தேதி மத்திலா பச்சை பிக்கப்பை இரவல் வாங்கி விறகு ஏற்றிவந்தார். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி மத்திலாவின் வண்டியில் புதிய ஸ்டிக்கர் மின்னியது. தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதியபோது, அவை அவ்வளவு அழகாகப் பொருந்தின. பொருத்தம் அழகாக இருந்ததால் அது உண்மையாகவும் இருக்க வேண்டும் என்று வைனோ முடிவுசெய்தார்.

இருபத்தாறு ஆண்டுகளாக ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் இருவரும் மத்திலாவின் கொல்லையில் இருக்கும் சௌனாவில்தான் வியர்த்தார்கள். அந்த நீராவி மரக் குளியலறையின் அடுப்புக்குக் கற்களை ஏரிக்கரையிலிருந்து சுமந்து வந்தவர் வைனோ. நேரில் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வைனோ தட்டச்சு இயந்திரத்தை எடுத்தார். பதினொரு கேள்விகள் கொண்ட கடிதம். பதில் அளிக்கப் பதினான்கு நாள் அவகாசம். ஏழாம் கேள்வி: "உமது ஸ்டிக்கரை பிப்ரவரியில் ஒட்டாமல் ஏப்ரலில் ஒட்டியதற்குக் காரணம் யாது?" ஐந்தாம் கேள்வி: "இது உமது மனைவிக்குத் தெரியுமா?"

இருபது அடி தூரத்து வீட்டுக்கு அதைப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

பதில் வரவில்லை. அந்தச் சனிக்கிழமை சௌனாவின் புகைபோக்கியில் புகை வந்தது. வைனோ துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வழக்கு வேறு குளியல் வேறு என்ற நியாயத்தோடு போய்க் கதவைத் தள்ளினார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"க்ளாரன்ஸ்?"

"பதினாலு நாள் அவகாசம் இருக்குல்ல? இன்னும் முடியல. போயிட்டு வா."

அதன்பின் ஐந்து சனிக்கிழமைகள் அவர் வீட்டுக் குளியல் தொட்டியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து குளித்தார். அபராதச் சீட்டை எதிர்த்து விசாரணை கேட்டு எழுதியிருந்தார். தேதி ஜூலையில் விழுந்தது. அதுவரை வண்டியை எடுக்கவில்லை. சட்டத்தை மதிப்பவர் என்பதைச் சட்டம் கவனிக்கும் என்று நம்பி, நடந்தே திரிந்தார். சட்டம் கவனித்ததாகத் தெரியவில்லை. குதிகாலில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம்.

நீதிமன்றம் முப்பது மைல் தொலைவில் இருந்தது. விசாரணை நாள் காலையில், மூன்று கோப்புகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டு அவர் சாலையில் இறங்கியபோது, மத்திலாவின் வண்டி பக்கத்தில் வந்து நின்றது.

"ஏறு."

"நான் கேக்கலையே."

"நீ கேட்டா நான் வருவேனா? லெம்பி சொன்னா. நடந்து போய் வழியில விழுந்து கெடந்தா அதுக்கும் நம்ம மேலதான் கேள்வி எழுதுவான், கூட்டிட்டுப் போன்னா."

முப்பது மைலும் கோப்புகள் நடுவில் மூன்றாம் ஆளாக உட்கார்ந்திருந்தன.

அது வழக்கறிஞர் இல்லாத சிறு விசாரணை. ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் மேஜிஸ்ட்ரேட் திருமதி டெஷார்டன், ஒரு பக்கம் லக்ராய், மறுபக்கம் வைனோ. மத்திலா வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் இருந்துகொண்டார். வைனோ பன்னிரண்டு நிமிடம் பேசினார். பதிவு காலாவதி ஆகவில்லை. காலாவதி ஆகாத ஒன்றைக் காலாவதி என்று எழுதிய சீட்டு செல்லாது. ஸ்டிக்கர் திருடப்பட்டது, அது தனி விவகாரம்.

"அந்தப் புதுப்பிச்ச ரசீதைக் காட்டுங்க, போதும்," என்றார் மேஜிஸ்ட்ரேட்.

"சான்று பதினாலு, மேடம். அசல்." பிளாஸ்டிக் உறையோடு நீட்டினார்.

டெஷார்டன் உறைக்குள்ளிருந்து ரசீதை உருவினார். கூடவே ஏதோ ஒன்று நழுவி மேசைமேல் விழுந்தது. பின்தாள் உரிக்கப்படாத, ஆரஞ்சு நிறச் சதுரம். அதோடு ஒரு குறிப்புத் துண்டு காகிதப்பிடியால் பிணைக்கப்பட்டிருந்தது. மேஜிஸ்ட்ரேட் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"'கடுங்குளிரில் பசை பிடிக்காது, சென்ற ஆண்டு அனுபவம். பனி உருகியதும் ஒட்டவும். பிப்ரவரி இரண்டு. வை. நி.' இது யாரு, வை. நி.?"

அந்த அறையில் அந்த எழுத்துகளில் தொடங்கும் பெயர் ஒருவருக்குத்தான் இருந்தது.

"நான்தான், மேடம்."

"கையெழுத்து?"

"என்னுதுதான்."

லக்ராய் மெதுவாகத் தம் பக்கத்துக் காகிதங்களைப் புரட்டினார். விதிப்படி அவருக்கும் ஒரு நகல் தொகுப்பை வைனோ முன்கூட்டியே அனுப்பியிருந்தார். "எனக்கு வந்த நகல்லயும் இருக்கு, மேடம். ஓரத்துல ஒரு சதுரம் தெரியுது. நான் ஏதோ அரசாங்க முத்திரைன்னு நெனச்சேன்."

துடைத்தது, சூடாக்கியது, கீறியது, விரல் விறைத்தது எல்லாம் போன ஆண்டு. வைனோவின் நினைவில் எந்தப் பிழையும் இல்லை. தேதி மட்டும்தான் போடப்படவில்லை. தம் தலைக்குள் இருப்பதற்கு மட்டும் தேதி போட அவர் மறந்துவிட்டிருந்தார்.

மேஜிஸ்ட்ரேட் உதட்டை அழுத்திச் சிரிப்பை விழுங்கினார். "மிஸ்டர் நிஸ்கனன், சட்டத்துல நீங்க சொன்னது சரி. பதிவு செல்லுபடியாத்தான் இருந்திருக்கு. சீட்டைத் தள்ளுபடி பண்றேன். வெளிய போனதும் இதை எடுத்து ஒட்டிடுங்க. பனி உருகிருச்சு."

வைனோ வென்றுவிட்டார். வாழ்நாளில் ஓர் அலுவலகத்துக்கு எதிராக அவர் பெற்ற முதல் வெற்றி அது. கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, அவை உள்ளே போனதைவிடக் கனமாக இருந்தன.

மத்திலா பெஞ்சிலிருந்து எழுந்தார். "என்னாச்சு?"

"ஜெயிச்சேன்."

மத்திலாவின் முகம் இறுகியது. வைனோ ஜெயித்தார் என்றால் ஸ்டிக்கர் திருட்டுப்போனது உண்மை. திருட்டு உண்மை என்றால் திருடன் யார் என்பதை ஊரே கேட்கும். அந்தக் கணக்கு அந்த முகத்தில் ஓடுவதை வைனோ பார்த்தார். உறைக்குள் என்ன இருந்தது என்பது உள்ளே இருந்த மூவருக்கு மட்டுமே தெரியும். சொல்லாமல் விட்டால் எந்தக் காகிதமும் அவரைக் காட்டிக்கொடுக்காது. நூலகத்தில் படித்த எந்தப் பிரிவும் அவரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவுமில்லை.

பாதி வழியில் மத்திலா வழக்கம்போலப் பாஸ்டி கடையில் நிறுத்தி, இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பாஸ்டி இரண்டை வாங்கிவந்தார். கோபத்திலும் இரண்டு வாங்கியிருந்தார். அதுதான் வைனோவால் தாங்க முடியாமல் போனது. உறையை எடுத்து மத்திலாவின் மடியில் வைத்தார்.

"இதைப் படி."

"கண்ணாடி கொண்டாரல. நீயே படி."

தாம் எழுதியதை வைனோ தம் வாயாலேயே, வண்டிக்குள் உரக்கப் படிக்க வேண்டியதாயிற்று. 'வை. நி.' வரை படித்தார். மத்திலா பாஸ்டியின் ஓரத்தைக் கடித்து, மென்று, விழுங்கினார்.

"நான் ஏன் ஏப்ரல்ல ஒட்டினேன், தெரியுமா?"

"பனி உருகினதும்."

"அப்படி ஒட்டச் சொன்னது யாரு?"

வைனோவுக்கு இப்போது அதுவும் நினைவுக்கு வந்தது. ஜனவரியில், சௌனாவில், மேல்பலகையில் உட்கார்ந்து, பசையின் தன்மை குறித்து அரைமணி நேரம் சொற்பொழிவாற்றியவர் அவர்தான்.

"நான்தான்."

"ஏழாவது கேள்விக்கு அதான் பதில். எழுதி அனுப்பலாம்னு பாத்தேன். பேனாவ எடுத்தேன், திரும்ப வெச்சுட்டேன்." மீதிப் பாஸ்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்தார். "எனக்கு அதுல ஒண்ணும் இல்ல, வைனோ. நீ இப்படித்தான்னு எனக்குத் தெரியும். ஆனா அந்த அஞ்சாவது கேள்வி. லெம்பி ரெண்டு நாள் சாப்பிடல. முடி காய வெக்கிற மெஷினக் குடுத்தவ அவ."

"தப்புதான். நான் முட்டாத்தனமா—"

"அது தெரிஞ்சதுதான். சனிக்கிழமை வா. அந்தக் கடுதாசியக் கொண்டா."

சனிக்கிழமை மாலை வைனோ துண்டோடும் ஒரு காகித உறையோடும் போய் நின்றார். சௌனா வாசலில் மத்திலா நின்றார். கையில் அந்தப் பதிவுத் தபால். பின்னால் லெம்பி, கைகளைக் கட்டிக்கொண்டு.

"என்கிட்ட இருந்தது இது. உன்கிட்ட எத்தன நகல் இருக்கு?" என்றார் மத்திலா.

"ஒண்ணு." உறையை நீட்டினார். மத்திலா வாங்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு," என்றார் வைனோ. "இன்னொண்ணு பேங்க் லாக்கர்ல இருக்கு. திங்கக்கிழமைதான் திறப்பாங்க."

"பாத்தியா லெம்பி? நான் சொன்னேன்ல, லாக்கர்ல இருக்கும்னு."

லெம்பி முன்னால் வந்தாள். "உள்ள போகட்டும், விடுங்க. திங்கக்கிழமை கொண்டாந்து எரிச்சிடறேன்னு எழுதிக் குடுக்கட்டும். கையெழுத்துப் போட்டு, தேதியோட." தன் மேலங்கிப் பையிலிருந்து ஒரு பென்சிலையும் மளிகைப் பட்டியலின் பின்பக்கத்தையும் நீட்டினாள்.

வைனோ சுவரில் வைத்து எழுதினார். எழுதிக்கொண்டே, இந்த ஒரு தாளில் ஏதாவது பிழை இருந்தால் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியது அவருக்கே புதிதாக இருந்தது. கடைசி வரியாக, ஐந்தாம் கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன், மன்னிக்கவும் என்று சேர்த்தார். லெம்பி படித்தாள். இரண்டாம் முறை படித்தாள். நான்காக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"உங்களுக்கு நகல் வேணுமா?"

அவர் வாய் திறந்தது, பழக்கம் அப்படி. பிறகு மூடிக்கொண்டது.

"வேண்டாம், லெம்பி."

கிடைத்த இரண்டு பிரதிகளையும் மத்திலா அடுப்பில் செருகினார். மேல்பலகையில் வைனோவுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார். பிறகு கரண்டியில் தண்ணீரை மொண்டு கற்கள்மேல் ஊற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது வைனோவால் தாங்கக்கூடியது அல்ல என்பது இருபத்தாறு ஆண்டுகளாக இருவருக்கும் தெரியும். ஆவி சுட்ட காதுகளை வைனோ பொத்திக்கொண்டார். பலகையை விட்டு இறங்கவில்லை.

"நாலாவது?" என்றார் மத்திலா.

"ஊத்து," என்றார் வைனோ.