எல்லைக்கோட்டில் வெறுங்கால்

நகர அமைப்பு விதிகளில் சத்தத்துக்கு ஒரு எண் இருக்கிறது. புகைக்கு ஒரு அட்டை இருக்கிறது. அதிலுள்ள சாம்பல் நிறங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அதிர்வுக்கு மட்டும் எண்ணும் இல்லை, அட்டையும் இல்லை. வீடுகளும் பட்டறைகளும் கலந்த பகுதியில், பட்டறையின் எல்லைக்கோட்டில் நிற்கும் ஒரு மனிதர் கருவியின் துணையில்லாமல் அதிர்வை உணரும்படி இருக்கக் கூடாது. விதி அவ்வளவுதான். அந்த மனிதர் யார் என்று அதில் எழுதவில்லை. எங்கள் ஊரில் இருபத்தாறு வருடங்களாக அது என் சித்தப்பா.

ஸ்கூட்டரை நிறுத்துவார். ஷூவைக் கழற்றி, காலுறையைச் சுருட்டி அதற்குள் வைப்பார். பட்டறைச் சுவரை ஒட்டிய கோட்டில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிப் பத்து நிமிடம் நிற்பார். ஷூவோடு நின்றால் ரப்பர்தான் உணரும், நான் எங்கே உணர்வது என்பார். நகரமைப்பு அலுவலகத்தில் அவருக்கு ‘வெறுங்கால்’ என்றே பெயர். பட்டறைக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள். “வெறுங்கால் வர்றாரு, வாசலைக் கூட்டி வைங்கப்பா” என்று ஒருவர் சொன்னது எனக்கே கேட்டிருக்கிறது. யாரிடமும் ஒரு தம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, சாப்பிட உட்கார்ந்தபடியே தரையில் பாதத்தைப் பதித்து, “பெரிய லாரி ஒண்ணு முனை திரும்புது” என்பார். நாங்கள் வாசலுக்கு ஓடிப் பார்ப்போம். கொஞ்ச நேரத்தில் லாரி வரும். அந்த விளையாட்டு எப்போது நின்றது என்று இப்போது யோசித்தால் யாருக்கும் நினைவில்லை.

படிப்பு முடிந்து அவர் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் அவருடைய அறிக்கைகளை நான்தான் இரண்டு மொழிகளிலும் தட்டச்சு செய்து கொடுத்தேன். ‘அதிர்வு உணரப்படவில்லை.’ இரண்டு வருடங்களாக அதைத் தவிர வேறு வாக்கியம் வந்ததில்லை. ஊரே அமைதியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தையல்காரம்மாவின் புகார் முதலில் வந்தபோதும் அதே வாக்கியம்தான். ஒரே வரிசையில் ஆறு வீடுகள். ஒன்றின் சுவர்தான் அடுத்ததற்கும் சுவர். கடைசி வீடு அவருடையது. அதை ஒட்டிக் கதவுக்கீல் அடிக்கும் பட்டறை. இரும்புத் தகட்டை நிமிடத்துக்கு இருபது முறை அடிக்கும் பிரஸ் அங்கே காலையிலிருந்து மாலைவரை ஓடும். அவருடைய கணவருக்கு ஆஸ்பத்திரியில் இரவுக் காவல். பகலெல்லாம் பட்டறைச் சுவரை ஒட்டிய அறையில் தூங்குவார்.

அந்தச் சுவரில் ஒரு விரிசல். தையல்காரம்மா அதன் குறுக்கே மெல்லிய காகிதக் கீற்றை ஒட்டித் தேதி எழுதியிருந்தார். அது கிழிந்ததும் சற்றுத் தள்ளி இன்னொன்று. மூன்றாவது புகாரின்போது ஏழு கீற்றுகள் கிழிந்திருந்தன.

அன்று சித்தப்பாவை உள்ளே அழைத்து, தையல் மேசையில் குண்டூசிகள் கிடந்த மூடியைக் காட்டினார். ஒவ்வொரு அடிக்கும் மூடி மயிரிழை அளவு விளிம்பை நோக்கி நகர்ந்தது.

“ஊசிக்குத் தெரியுது சார். உங்களுக்கு மட்டும்தான் தெரிய மாட்டேங்குது.”

“விதி எல்லைக்கோட்டைத்தாம்மா சொல்லுது. மேசையைச் சொல்லல.”

“அப்ப மேசையைக் கோட்டுமேல கொண்டுபோய்ப் போடட்டுமா?”

சித்தப்பா வெளியே வந்து கோட்டில் நின்றார். பத்து நிமிடம். பட்டறை முதலாளி இதைவிட இரண்டு மடங்கு எடையுள்ள இன்னொரு பிரஸ் வைக்க அனுமதி கேட்டிருந்தார். அதற்குச் சித்தப்பாவின் அறிக்கைதான் பாக்கி. அன்றும் நான் அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்தேன்.

புதிய பிரஸ் பெட்டியோடு வந்து பட்டறையில் இறங்கிவிட்டது. நாலாவது புகார் வந்தது. சித்தப்பா மறுபடியும் ஷூவைக் கழற்றிவிட்டுக் கோட்டில் நின்றார். தையல்காரம்மா சண்டைக்குத் தயாராக வெளியே வந்தவர், பேச வாயைத் திறந்து, அப்படியே நின்றுவிட்டார்.

“சார், கொஞ்சம் காலைப் பாருங்க.”

கீல் அடித்து மிஞ்சிய தகட்டுத் துணுக்கு ஒன்று சித்தப்பாவின் இடது குதிகாலில் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. சிமென்ட் தரையின் குழிவில் ரத்தம் கட்டி நின்றது. அவர் குனிந்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தார். உள்ளே பிரஸ் அடித்தது. குழிவிலிருந்த ரத்தத்தில் வட்டம் வட்டமாக அலை எழுந்து அடங்கியது. மறுபடி அடித்தது. மறுபடி அலை.

“வலிக்கலையா சார்?”

சித்தப்பா மெல்ல மண்டியிட்டு, உள்ளங்கையைத் தரையில் வைத்தார். அடுத்த அடி விழுந்ததும் கையை எடுத்துவிட்டார். சூடுபட்டவர் எடுப்பதுபோல் எடுத்தார் என்று தையல்காரம்மா பிறகு என்னிடம் சொன்னார்.

வீட்டில் சித்தி அவர் காலைக் கழுவிவிட்டாள். சர்க்கரை நோய் பத்து வருடமாக இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறார், அதோடு சரி.

“தண்ணி சூடா இருக்குதாங்க?”

“இதமா இருக்கு.”

சித்தி தன் விரலை விட்டுப் பார்த்து வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.  துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: “ரெண்டு வருஷமா கடைக்குப் போனா ஒத்தைச் செருப்போட வீட்டுக்கு வர்றீங்க. இன்னொண்ணு தெருவுல கிடக்கும், நான் போய் எடுத்துட்டு வருவேன். ஏதோ யோசனையில வர்றீங்கன்னு நினைச்சேன்.”

“எத்தனை தடவை?”

“எண்ணினேனா நான்?”

அன்று மாலை அவர் கோப்புகளை எடுத்துவரச் சொன்னார். இரண்டு வருடத்தில் பதினான்கு இடங்களுக்கு அதிர்வு இல்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தார். ஒவ்வொன்றையும் திறந்து, தேதியைப் பார்த்து மூடினார். எந்தத் தேதிவரை அந்தக் கால் அவருடையதாக இருந்தது என்று எந்தத் தாளிலும் இல்லை.

ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம். மறுநாள் காலை, தன் பாதத்தில் உணர்ச்சி இல்லை, தன் அறிக்கைகளை நம்ப வேண்டாம் என்று அரைப்பக்கம் எழுதிக்கொண்டு மேலதிகாரியிடம் போனார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கட்டுப் போட்ட காலோடு அவரால் ஸ்கூட்டர் ஓட்ட முடியாது. கதவு சாத்தியிருந்தாலும் குரல் கேட்டது.

“இதை நான் வாங்கிக்க முடியாது சார். வாங்கினா பதினாலையும் திறக்கணும். உங்க வேலை போகும், கூடவே என் வேலையும் போகும்.”

“அந்த வீட்டுச் சுவர் நிக்காது.”

“அது இஞ்சினியர் சொல்ல வேண்டியது. நீங்க லீவுல போங்க. நாளைக்கு ரெக்கார்டு கிளார்க்கை அனுப்பி நிக்கச் சொல்றேன்.”

“அவன் போறது பட்டறைக்காரங்களுக்கு முன்கூட்டியே தெரியுமா?”

“வழக்கமா சொல்லிட்டுத்தானே போறோம்.”

 “லீவு எப்பலேருந்து?” என்றார் சித்தப்பா.

“நாளைலேருந்து.”

“அப்ப இன்னிக்கு நான் வேலையில இருக்கேன்.”

அதிர்வை உணர்ந்த அதிகாரி தன் கையெழுத்திலேயே ஏழு நாள் தடை போடலாம் என்று விதியில் ஒரு வரி உண்டு. எதால் உணர வேண்டும் என்று அங்கேயும் எழுதவில்லை. நான் தட்டச்சு செய்த தடைத்தாளில் ‘வலது உள்ளங்கை’ என்று சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

பட்டறை முதலாளி வாசலில் நின்றபடி தடைத்தாளை இரண்டு முறை படித்தார். பிரஸ் ஓடிக்கொண்டிருந்ததால் கத்திப் பேச வேண்டியிருந்தது.

“போன மாசம் ஒண்ணும் இல்லைன்னு எழுதினது நீங்கதானே சார்?”

“நான்தான். அது தப்பு.”

“தப்புன்னா?”

“எனக்குக் கால்ல உணர்ச்சி இல்ல.”

முதலாளி காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். “அப்ப உங்க பேரையே மாத்தணுமே சார்” என்று சிரிக்கப் பார்த்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. முதலாளியின் முகத்திலும் சிரிப்பு நிற்கவில்லை. ஆளுக்குச் சைகை காட்டினார். பிரஸ் இன்னும் இரண்டு அடி அடித்துவிட்டு நின்றது.

அந்தத் தெருவில் பகல் நேரத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. தையல்காரம்மா கையில் கத்தரிக்கோலோடு வாசலுக்கு வந்தார். “நிறுத்திட்டீங்களா?” என்று கேட்டார். ஒருவேளை நன்றி சொல்லவும் நினைத்திருப்பார்.

அப்போதுதான் அது கேட்டது. அரிசியை முறத்தில் சாய்ப்பதுபோல மெல்லிய சரசரப்பு. நின்றது. மறுபடி வந்தது. நாங்கள் எல்லோரும் பட்டறைப் பக்கம் பார்த்தோம். அங்கே எதுவும் அசையவில்லை. சத்தம் வீட்டுக்குள்ளிருந்து, சுவருக்குள்ளிருந்து வந்தது. இத்தனை நாள் பிரஸ் அடித்த அடியில் அது யாருக்கும் கேட்டிருக்காது.

“அவரை எழுப்பும்மா” என்றார் சித்தப்பா.

“இப்பதானே சார் படுத்தாரு.”

“எழுப்பு. சுவரைத் தொடாத. கதவைச் சாத்தாத. கூட்டிக்கிட்டு வந்துடு.”

அவர் குரலில் என்ன இருந்ததோ, தையல்காரம்மா கத்தரிக்கோலை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே ஓடினார். கணவர் தலையணையை அணைத்தபடி, ஒரு காலில் மட்டும் செருப்போடு வெளியே வந்தார். தலைமுடியிலும் தோளிலும் வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள். அவருக்கு அது தெரியவில்லை. “ஏன் மெஷின் நின்னுடுச்சு? அதுலதான் முழிப்பு வந்துச்சு” என்றார்.

“என் தையல் மெஷினு, நாளைக்குக் கொடுக்க வேண்டிய துணி…” என்று தையல்காரம்மா திரும்பினார். சித்தப்பா வாசலை மறித்து நின்றார்.

“இருக்கட்டும்மா.”

“ஒரு நிமிஷம் சார்.”

“இருக்கட்டும்.”

உள்ளே ஏதோ கனமாக விழுந்தது. உடனே தூசி வரவில்லை. பிறகு ஜன்னல் கம்பிகளுக்கிடையில் மெதுவாக வந்தது. சரசரப்பு நிற்காமல் கேட்டது. இப்போது அது எந்தச் சுவரிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. சித்தப்பா அந்த வீட்டின் முன்சுவரில் கையை வைத்து, நகர்த்தி, இன்னும் நகர்த்தி, அடுத்த வீட்டின் சுவர்வரை கொண்டுபோனார். அங்கேயும் ஏதோ தெரிந்ததுபோல் கை நின்றது.

“அந்தக் கோடியிலேருந்து ஒவ்வொரு கதவா நீ தட்டு பாப்பா” என்று என்னிடம் சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே போய் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.