விளக்கு வைக்காத சாயங்காலம்

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு என் மகளின் குரல் போனில் பாதியில் நின்றது. “டீச்சரை ஏத்திட்டேன்மா, எறங்கிக்கிட்டு இருக்கோம், இங்க மழை கொஞ்சம்...” அவ்வளவுதான். திரும்ப எடுத்தேன். மணி போகவே இல்லை.

நான் அப்போது பதுளைக் கடைத்தெருவில், ஒரு முதலாளியின் வீட்டு மாடியில், அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் சட்டத்தரணி, சொத்துப் பத்திரம் எழுதும் நொத்தாரிசும்கூட. கோர்ட்டுக்குப் போவது குறைவு. கடை, கட்டடம், தோட்டப் பக்கம் கொஞ்சம் காணி என்று சேர்த்து வைத்திருக்கும் குடும்பங்களுக்கு எதை யார் பேரில் எழுதுவது, இருக்கும்போதே கொடுப்பதா, போன பிறகு சேரும்படி எழுதுவதா, எந்த வழியில் வரி குறையும் என்று சொல்வதுதான் என் பிழைப்பு. ஆட்கள் தங்கள் சாவைப் பற்றி என்னிடம் தேநீர் குடித்துக்கொண்டே பேசுவார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் அது சாதாரணமாகிவிட்டிருந்தது.

முதலாளிக்கு இருதயம் பழுது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் கடையைப் பார்த்துக்கொள்கிறார். மகள் கணவனை இழந்தவர், நமுனுகுலவில் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அடுத்த தெருவில் இருந்த வீட்டை மகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. மரண சாசனத்தில் எழுதினால் அவருக்குப் பிறகு வழக்கு வைத்துத்தான் கைக்கு வரும், அதற்குள் அண்ணன் தங்கைக்குள் எதுவும் நடக்கலாம். நன்கொடை உறுதி, அதாவது தானப் பத்திரம், எழுதினால் அன்றே மகளுடையது. ஒன்றே ஒன்று, கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே வாங்குகிறவர் இரண்டு சாட்சிகள் முன்னால் ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் அவர் போய்விட்டால் அது வெறும் தாள்.

முந்தின நாளே எல்லாம் முடிந்திருக்கும். டீச்சர் அப்பாவைப் பார்க்க வந்திருந்தார், நானும் உறுதிப் பத்திரத்தோடு போயிருந்தேன். முதலாளி முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

“இன்னிக்கு வெள்ளிக்கிழமை லோயரம்மா. வெள்ளிக்கிழமையில இந்த வீட்ல இருந்து ஒரு கை உப்புகூட வெளிய போனதில்ல. நீங்க ஒரு வீட்டையே குடுக்கச் சொல்றீங்க.”

“டீச்சர் வெளியாளா மொதலாளி?”

“கட்டிக்குடுத்த புள்ள. நாளைக்குக் குடுத்தா அவளுக்கும் நல்லது, இந்த வீட்டுக்கும் நல்லது.”

நானும் அப்படிப்பட்ட ஒரு வீட்டில் வளர்ந்தவள்தான். வெள்ளிக்கிழமை யாராவது கைமாற்றுக் கேட்டு வந்தால் அம்மா கதவுக்குப் பின்னால் நிற்பார். ஆகவே பைலை மூடினேன். சனிக்கிழமை காலையில் புலமைப்பரிசில் வகுப்பு இருக்கிறது, முடித்துவிட்டு மத்தியானம் வருகிறேன் என்று டீச்சர் நமுனுகுலவுக்குத் திரும்பிப் போனார். இரவு பிடித்த மழை விடிந்தும் விடவில்லை. பஸ் ஓடவில்லை.

சனிக்கிழமை காலையில் முதலாளியின் மூச்சைக் கேட்டபோது எனக்குப் பயமாக இருந்தது. அவர் இப்போதே கையெழுத்தைப் போட்டுவிட்டால் நான் நமுனுகுலவுக்குப் போய் மகளிடம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. “தட்டுல வெத்தலபாக்கு வச்சு அவ கையில குடுக்கணும். ஆளில்லாத எடத்துல யாருக்குக் குடுக்குறது?” அவரை அந்த நிலையில் விட்டுவிட்டு நான் நகரவும் முடியாது.

என் மகளும் சட்டத்தரணிதான், என் அலுவலகத்தில் இரண்டாவது வருடம். மேசைமேல் இருந்த கார் சாவியை அவளே எடுத்தாள். “நான் போய்க் கூட்டிட்டு வந்துர்றேன். நீங்க அவரைப் பாத்துக்குங்க.” சரி என்றேன். பார்த்துப் போ என்றுகூட சொன்னதாக ஞாபகம் இல்லை. நமுனுகுலவுக்கு ஏறும் ஸ்பிரிங்வெளிப் பாதை எங்களுக்குப் பழக்கமான பாதை.

இரண்டு நாற்பதுக்குப் பிறகு எத்தனை தடவை அந்த எண்ணை அழுத்தினேன் என்று தெரியவில்லை. சாட்சிக்கு வந்திருந்த இரண்டு பேரும் கூடத்தில் இருந்தார்கள். ஒருவர் பாமசிக்காரர், இன்னொருவர் பக்கத்துப் புடவைக்கடையின் கணக்கப்பிள்ளை.

“லோயரம்மா, உக்காருங்க. நீங்க நடக்குற நடையில மாடி எறங்கிரும்,” என்றார் பாமசிக்காரர். “பிரஷர் மாத்திரை ஒண்ணு தரவா? சாட்சி சொல்றவன் குடுத்தா காசு கெடையாது.”

“இவர் கடையில அது ஒண்ணுதான் காலாவதி ஆகாதது,” என்றார் கணக்கப்பிள்ளை.

நானும் சிரித்தேன். அதற்குள் கீழேயிருந்து மகன் ஏறி வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

“ஸ்பிரிங்வெளிக்கு மேல மண் சரிஞ்சிருச்சாம். ரோட்டு இல்ல.” என்னைப் பார்க்காமல் சொன்னார். “ஒரு வெள்ளைக் கார் நிக்குதாம். கதவு தெறந்து கெடக்காம். உள்ள ஆள் இல்லியாம்.”

என் கார் வெள்ளை.

அதற்குப் பிறகு என் மனம் செய்த வேலையை யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமாகாத, பிள்ளை இல்லாத ஒருவர் இறந்தால் அவருடைய உடைமை பெற்றவருக்கு வரும். எத்தனையோ குடும்பங்களுக்கு நான் பாடம்போல் சொல்லியிருக்கும் வரி அது. கேட்காமலே அது வந்து முன்னால் நின்றது. அவளுடைய அப்பா இறந்து பல வருடம் ஆகிறது. என் மகளுக்கு வாரிசு நான். அந்த நினைப்பைத் தள்ளத் தெரியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போதும் அலுவலகத்தில் அந்தச் சட்டத்தை விளக்க வேண்டி வந்தால் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, தண்ணீர் குடிப்பதுபோல் பாவனை செய்கிறேன்.

மகன் மழைக்கோட்டை எடுத்தார். தங்கை கையெழுத்துப் போடாவிட்டால் அந்த வீட்டில் பாதி அவருக்குத்தான் வரும். அது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

“அப்பாகிட்ட இதச் சொல்லாதீங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடை வேனை எடுத்துக்கொண்டு போனார்.

ஆனால் முதலாளிக்குக் காது நன்றாகக் கேட்கும்.

“லோயரம்மா, உங்களுக்கு எத்தன புள்ள?”

“ஒண்ணுதான்.”

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். “வெள்ளிக்கிழமைன்னு நாந்தான் தள்ளிப்போட்டேன்,” என்றார்.  அவருடைய மூச்சு நிற்பதும் வருவதுமாக இருந்தது. மழை கொஞ்சம் ஓய்ந்தால் அவர் மூச்சு கேட்டது, அது ஓய்ந்தால் மழை கேட்டது. இரண்டையும் விட்டு ஓடிப்போக வேண்டும்போல் இருந்தது.

இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போயிருந்தது. அந்த வீட்டு மருமகள் தலைவாரி முடித்து வந்து, சாமிப் படத்தட்டில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினார். கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

“விளக்கு வைக்காத.”

“நேரமாச்சு மாமா.”

“விளக்கு வச்சா அப்புறம் இந்த வீட்ல இருந்து எதுவும் குடுக்க முடியாது. அவ வந்து வாங்கட்டும். அப்புறம் வை.”

மருமகள் என்னைப் பார்த்தார்.  அந்த வீட்டில் ஒரு நாளும் இப்படி நடந்திருக்காது. தீப்பெட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு அவர் தரையில் உட்கார்ந்தார்.  இருட்டில் ஐந்து பேர் காத்திருந்தோம். விளக்கில்லாத அந்தக் கூடம் எனக்குத் துக்க வீடாகத்தான் தெரிந்தது. எழுந்து நானே ஏற்றிவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தேன். ஏற்றினால் அவர்கள் வரமாட்டார்கள் என்று ஒரு பயம். சட்டம் படித்தவளுக்கு வரக்கூடாத பயம், வந்தது.

கீழே ஒரு பெரிய வண்டி வந்து நின்றது. வேனின் சத்தம் இல்லை.  கணக்கப்பிள்ளை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

“தேயிலக் கொழுந்து லொறிங்க. நம்ம சின்ன மொதலாளியும் முன்னால ஏறி வந்திருக்காரு. பின்னால... ரெண்டு பேரு எறங்குறாங்க.”

படியில் முதலில் ஏறியது டீச்சர். முழங்கால்வரை சேறு, ஒரு கையில் செருப்பு. மறு கையால் என் மகளைப் பிடித்திருந்தார். பின்னால் மகன், மழைக்கோட்டு இல்லாமல். அது என் மகளின் தோளில் இருந்தது. டீச்சர் நேராகக் கட்டிலுக்குப் போய் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தார்.

என் மகள் என் முன்னால் வந்து நின்றாள். 

“டீச்சர் மலைத்தண்ணி சேறா கலங்கி வர்றதப் பாத்துட்டு, மண் சரியப் போகுது, எறங்கு எறங்குன்னாங்கம்மா. காரை அங்கயே விட்டுட்டு மலையில ஏறித் தோட்டத்து ஆளுங்க லயத்துக்குப் போயிட்டோம், அங்க சிக்னல் இல்ல,” என்றாள். பிறகு என் தோளுக்கு மேலாக அந்த இருட்டைத் தேடிப் பார்த்தாள்.

“சாட்சிக்காரங்க ரெண்டு பேரும் இருக்காங்களா, போயிட்டாங்களா?”