துரு மையில் ஒரு திமிங்கிலம்

சாயக்காரம்மா வெங்காயத்தை உரித்து, தோலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார். பழுத்த தோல் ஒரு டப்பாவுக்கு, வெளிறியது இன்னொன்றுக்கு. வெங்காயம் பலகையிலேயே கிடக்கிறது. "இந்த வீட்ல வெங்காயத்துக்கு மரியாதை கிடையாது, தோலுக்குத்தான்" என்றபடி அவருடைய மாமியார் கத்தியை எடுக்கிறார். தாம் உரிக்கும் தோலையும் கிழியாமல் சேர்த்துவைத்துத் தருபவர் அவர்தான்.

என் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் இவரைத் தெருவில் சாயக்காரம்மா என்பார்கள். குழந்தைகளுக்குப் படம் வரைகிறார். கடையில் வண்ணம் வாங்குவதில்லை. தோலும் கொட்டையும் கொதித்து இறங்கிய சாறுதான் மை. பழைய நாட்காட்டித் தாளின் முதுகுதான் காகிதம். கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். அவர் கொண்டுவரும் துருப்பிடித்த ஆணிகளைக் கெட்டித் தேயிலைச் சாற்றில் ஊறப்போட்டால் கரிய மை கிடைக்கும். "பூ வாங்கிட்டு வந்தா, இதுல சாயம் இறங்குமான்னு கேக்கறா. துருப்பிடிச்ச ஆணிய நீட்டினா முகம் மலர்ந்துடுது" என்று அவர் என்னிடம் அலுத்துக்கொண்டதுண்டு.

கொள்கையோடு வாழ்பவர்களை நான் சற்றுத் தள்ளி நின்றே பார்ப்பேன். பலருக்கு அது தங்களையே பார்த்து ரசிக்கும் கண்ணாடி ஆகிவிடுகிறது. இவர் வீட்டிலோ விளிம்பு உடைந்த பிளாஸ்டிக் வாளி ஒன்று இருந்தது. கடைச் சாயமே தொடாதவர் இந்தப் பிளாஸ்டிக்கை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அது என்ன பாவம் பண்ணிச்சு? முழுசா உடையறவரைக்கும் உழைக்கட்டுமே" என்றார். அன்று அவர்மேல் மதிப்பு வந்தது. உடனே காட்டிக்கொள்ளவில்லை.

போன மாதம் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலிருந்து ஆள் வந்தது. இவருக்கு இதுவரை வந்ததில் பெரிய வேலை. "நீலமா ஒரு திமிங்கிலம் வேணும், சுவர் நெறைய" என்றார் தலைமை நர்ஸ். ஊதா முட்டைக்கோஸ் சாற்றில் ஒரு சிட்டிகை சோடா மாவு சேர்த்தால் நீலம் வரும். தாள்களை ஒட்டி, கட்டில் அகலத்துக்கு வரைந்து முடித்தார். கண்ணை எடுக்க முடியாத நீலம்.

எந்தச் சாயத்தையும் முதலில் ஒரு துண்டுத் தாளில் பூசி, பாதியை அட்டையால் மூடி, சமையலறை ஜன்னலில் ஒட்டிவைப்பது இவர் வழக்கம். இந்த முறை அவசரம். படம் முடிந்த பிறகுதான் அட்டையை எடுத்துப் பார்த்தார். மூடியிருந்த பாதி நீலம். வெயில் பட்ட பாதி, பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறம். மருத்துவமனைக் கூடத்தில் வரிசையாக ஜன்னல்கள். மறுநாள் நர்ஸ் வருவதாகப் பேச்சு.

நான் மேலே போனபோது மூவரும் படத்தைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

"கடையில நீலம் ஒரு டப்பா வாங்கினா முடிஞ்சது" என்றார் மாமியார்.

"கடைச் சாயம் வேணாம்னுதானே என்கிட்ட வந்தாங்க, அத்தை. பிள்ளைங்க தொடும், முகரும்னு."

"அப்ப இப்படியே குடுத்துடு" என்றார் கணவர். "இது மங்கறதுக்குள்ள எல்லாப் பிள்ளையும் குணமாகி வீட்டுக்குப் போயிடும். யாரு பாக்கப் போறா?"

நல்ல மனதோடுதான் சொன்னார். சாயக்காரம்மா தூரிகையைத் துடைத்துக்கொண்டே, "போகாத பிள்ளையும் இருக்கும்ல" என்றார்.

மாமியார் நீலத் திமிங்கிலத்தை மெல்லச் சுருட்டி, வெளிச்சம் படாமல் தம் அலமாரிக்குள் வைத்தார். கணவர் புதுப் படத்துக்கு வேறு தாள்களை ஒட்டத் தொடங்கினார். இவர் ஆணி மையைக் கலக்கினார்.

மறுநாள் நர்ஸ் வந்தபோது கடைசிப் பூச்சு அப்போதுதான் முடிந்திருந்தது. அவர் முகம் சுருங்கியது. "நீலம்னு சொன்னேனே. இது சாம்பல், அதுவும் வெளிறிப்போய்."

"நீலம் உங்க ஜன்னலுக்குத் தாங்காது, சிஸ்டர்." துண்டுத் தாளை நீட்டினார். "இது ஆணி மை. இப்ப இப்படித்தான் இருக்கும். காத்துப் படப்படக் கறுக்கும். நாளாக நாளாகத் திமிங்கிலம் தேறிக்கிட்டே வரும்."

நர்ஸ் துண்டையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார்.

சாயக்காரம்மா வாதாடவில்லை. சாயங்களுக்காக எப்போதும் சாத்தியே கிடக்கும் அந்த அறையின் ஜன்னலைத் திறந்தார். படத்தைக் காற்றுக்கு நேரே திருப்பி நிறுத்தினார். பிறகு, நர்ஸுக்கு ஒரு நாற்காலியை இழுத்து அதன் எதிரே போட்டார்.